எதுவும் நடக்காத வருஷத்தில் சம்பளம் போகிறதா?

வந்த கேள்வி இது: “பொதுச் சுகாதாரம் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். உலக அளவில் இன்றைக்குப் பெரிய சவால்கள் என்னென்ன? ‘சுகாதாரக் கட்டமைப்பை வலுப்படுத்த வேண்டும்’ என்று எந்த அறிக்கையைத் திறந்தாலும் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஒதுக்கினால் போதாதா?”

சவால்களின் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். கொள்ளைநோய், காசநோய், மலேரியா, ரத்த அழுத்தமும் சர்க்கரையும், ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள், பிரசவத்தில் இறக்கும் பெண்கள், சூடேறும் பூமி. அதையே மறுபடி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஒரு நாட்டின் சுகாதாரக் கட்டமைப்பு தேறுவதும் கெடுவதும் எதுவும் நடக்காத வருஷங்களில்தான். பத்திரிகையில் செய்தி வராத, அமைச்சர் வந்து பார்க்காத அந்த வருஷங்களில் கிராமத்து நர்ஸுக்குச் சம்பளம் போனதா, மாத்திரை தீருவதற்குள் அடுத்த லோடு வந்ததா, பதிவேட்டை யாராவது நிரப்பினார்களா, நிரப்பியதை யாராவது படித்தார்களா என்பதுதான் பிறகு கொள்ளைநோய் வரும்போது எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

எபோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் மெலியாண்டூ என்ற சிற்றூரில் தொடங்கியது. அது என்ன நோய் என்று உறுதியாக 2014 மார்ச் ஆனது. மூன்று மாதம் பெயரே தெரியாமல் பரவி, எல்லை தாண்டி லைபீரியா, சியரா லியோன் என்று போனது. 2016இல் அடங்குவதற்குள் 28,600 பேருக்கு மேல் தொற்றி, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். லைபீரியாவில் உள்நாட்டுப் போர் ஓய்ந்ததே 2003இல்தான். எபோலா வந்து இறங்கும்போது 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு அங்கே இருந்த டாக்டர்கள் ஏறக்குறைய 50 பேர். கையுறைகூடத் தட்டுப்பாடு. சியரா லியோனில் கெனமா அரசு மருத்துவமனையில், எபோலா வார்டு நடந்துகொண்டிருக்கும்போதே, ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று நாடுகளிலும் சேர்த்து 500க்கு மேற்பட்ட சுகாதார ஊழியர்கள் அந்த நோயில் செத்துப்போனார்கள்.

எபோலா அல்லாத சாவுகளும் இருக்கின்றன. நோய்க்குப் பயந்து மக்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள், பல இடங்களில் ஆஸ்பத்திரியே மூடிக் கிடந்தது. சிகிச்சை கிடைக்காமல் மலேரியாவிலும் எச்.ஐ.வி.யிலும் காசநோயிலும் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய எபோலாவில் இறந்தவர்கள் அளவுக்கே இருப்பார்கள் என்று பிறகு வந்த ஓர் ஆய்வு கணித்தது. புதிதாக வந்த நோய் ஒரு பங்கைக் கொன்றது என்றால், ஏற்கெனவே நலிந்து கிடந்த அமைப்பு இன்னொரு பங்கைக் கொன்றது.

அதே 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து ஒரு பயணி நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கி அங்கேயே சுருண்டு விழுந்தார். லாகோஸ் இரண்டு கோடி பேர் நெருக்கியடித்து வாழ்கிற பகுதி. அங்கே எபோலா பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்து உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மொத்தம் 20 பேருக்குத் தொற்றியது, 8 பேர் இறந்தார்கள், அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலாவிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

எப்படி முடிந்தது? முதல் காரணம் ஒரு டாக்டர். அந்தப் பயணியை அனுமதித்த தனியார் மருத்துவமனையில் இருந்த அமேயோ ஸ்டெல்லா அடடேவோ எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ‘வெளியே விடு’ என்று லைபீரிய அதிகாரிகளிடமிருந்து வந்த அழுத்தங்களுக்குப் பணியாமல் நோயாளியை உள்ளேயே வைத்தார். அந்தத் தொற்றிலேயே ஆகஸ்ட் 19 அன்று அவரும் இறந்தார். அவர் பெயரை நம் மருத்துவ மாணவர்கள் அத்தனை பேரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் போலியோ. நைஜீரியாவில் போலியோவை ஒழிக்க 2012 முதலே ஓர் அவசரகாலச் செயல் மையம் இயங்கிவந்தது. வரைபடத்தைப் பார்த்து வீடு வீடாகப் போகத் தெரிந்தவர்கள், அன்றைய கணக்கை அன்றைக்கே ஒரே மேசையில் வைத்துப் பேசிப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த மையத்தின் துணைத் தலைவரையே எபோலா பணிக்குத் தலைவராக்கினார்கள். தொற்றியவர்களோடு பழகிய ஏறக்குறைய 900 பேரைத் தேடிப் பிடித்து, 21 நாள் தினமும் நேரில் போய் உடல் சூடு பார்த்தார்கள். சுமார் 18,500 முறை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஆட்கள் எபோலா வருவதற்கு முன்பே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

இதை வைத்து நைஜீரியாவின் சுகாதாரக் கட்டமைப்பு பலமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரசவத்தில் பெண்கள் அதிகம் இறக்கும் நாடுகளில் அது இன்றைக்கும் முன்வரிசையில் நிற்கிறது. ஓர் அடுக்கு உறுதியாக இருந்தது, அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள ஒரு கதை. இலங்கையில் 1934-35இல் வந்த மலேரியா சில மாதங்களில் சுமார் 80,000 பேரைக் கொன்றது. அப்போது அந்தத் தீவின் மக்கள்தொகையே 55 லட்சத்தை எட்டவில்லை. 1946 முதல் வீடுகளுக்குள் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். எல்லோரும் நோய் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்புக்கு இருந்த பணமும் ஆட்களும் வேறு பக்கம் போயின. 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. பதினேழிலிருந்து ஐந்து லட்சத்துக்குப் போக ஆறே வருஷம்.

1963 எனக்கு 1969ஐவிட முக்கியமான வருஷம். தப்பு நடந்தது அப்போதுதான். நோயாளி இல்லை என்றதும், நோயாளி இல்லாமல் பார்த்துக்கொண்டவர்களும் தேவையில்லை என்று ஒரு நிதித் துறை நினைப்பது எந்த நாட்டிலும் நடக்கும். கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அது சிக்கனம் போலத்தான் தெரியும்.

இலங்கை அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட விதம்தான் உலகம் பார்க்க வேண்டியது. 1999இல்கூட 2.6 லட்சம் பேருக்கு மேல் மலேரியா. பெரும்பகுதி போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும். அங்கே சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சுகாதார ஊழியர்கள் வேலையை விடவில்லை. கொசுவலையும் மருந்தும் இரு தரப்பின் எல்லைகளைக் கடந்து போயின. நடமாடும் மலேரியா கிளினிக்குகள் காட்டோரக் கிராமங்களுக்குப் போய், காய்ச்சல் என்று வந்த ஒவ்வொருவரின் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தன. நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

சான்றிதழ் வந்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மலேரியா எதிர்ப்பு இயக்கத்தைக் கலைக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கு ரத்தினக் கல் வாங்கப் போய்த் திரும்புகிறவர்கள், ஐ.நா. அமைதிப் படையிலிருந்து திரும்பும் சிப்பாய்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய அகதிகள் என்று வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தொடர்ந்தது. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியதைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்தினார்கள். அதற்கு முன்பே மன்னாரில் புதிய கொசு ஒன்று தட்டுப்பட்டிருந்தது. அனாஃபிலஸ் ஸ்டீபன்சை, நம் சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிட்டு நகர மலேரியாவைப் பரப்பும் அதே கொசு. இது 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்கும் போய்விட்டது. கிராமத்து நோய் என்று நினைத்திருந்த மலேரியா ஆப்பிரிக்க நகரங்களுக்குள் நுழைகிற வழி இது. நோயாளியே இல்லாத ஊரிலும் கிணற்றில் லார்வா தேடுகிற பூச்சியியல் உதவியாளர் ஒருவர் பதவியில் இருந்ததால்தான் மன்னாரில் அது கண்ணில் பட்டது.

‘கட்டமைப்பு’ என்பது என்ன என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு சின்ன இடத்தைக் காட்டுகிறேன். நம் ஆரம்ப சுகாதார நிலையம் எதற்கும் போய்த் தடுப்பூசி வைக்கும் அறையைப் பாருங்கள். மேல்மூடி திறக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்ப்பெட்டி இருக்கும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஞாயிறும் பொங்கலும் உட்பட. புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலை கிராம சுகாதார செவிலியர் டீப் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியரில் உடனே அடுக்கிவிடக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கல்லாக உறைந்த ஐஸோடு சேர்த்து வைத்தால் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு எதிரான ஒரே ஊசி) போன்ற தடுப்பூசிகள் உறைந்து கெட்டுவிடும். குப்பியின் லேபிளில் இருக்கும் சதுர அடையாளம் வெப்பத்தால் கெட்டால்தான் நிறம் மாறும், உறைந்து கெட்டதைக் காட்டாது. குழந்தைக்கு ஊசி போடப்படும், அட்டையில் குறிக்கப்படும், மாவட்ட அறிக்கையில் நூறு சதவீதம் என்று ஏறும். ஆனால் அந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) எதிரான பாதுகாப்பு இருக்காது.

அந்த அரை மணி நேரக் காத்திருப்புக்குப் பின்னால் எத்தனை விஷயம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ரீசர் ஓட மின்சாரம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல் போட ஒரு கணக்குத் தலைப்பு, பெட்டி பழுதானால் வந்து பார்க்க மாவட்டத்தில் ஒரு மெக்கானிக், ‘ஏன் ஆட்டிப் பார்க்க வேண்டும்’ என்று அந்தச் செவிலியருக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி, பதிவேட்டைப் புரட்டிக் கேள்வி கேட்கும் ஒரு மேற்பார்வையாளர், அவசரப்படாமல் செய்ய விடுகிற அளவுக்குக் காலியிடம் இல்லாத ஊழியர் எண்ணிக்கை. கட்டமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். இதில் எதுவும் திறப்பு விழாவுக்கு உகந்ததில்லை.

தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1978 செப்டம்பரில் அப்போதைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டா நகரில் 134 நாடுகள் கூடி, எல்லோருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்று பிரகடனம் செய்தன. 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்பது இலக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஹால்ஃப்டன் மாலர் அதை முழு மனதோடு நம்பினார். அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது: இது ரொம்பப் பெரிய கனவு, செலவு அதிகம், குறைந்த பணத்தில் அதிக உயிரைக் காக்கும் சில வேலைகளை மட்டும் பொறுக்கிச் செய்வோம். 1982 முதல் யுனிசெஃப் அந்தப் பாதையில் போனது. குழந்தையின் எடை பார்ப்பது, உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி.

அந்தப் பாதையை இகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். உப்புச் சர்க்கரைக் கரைசலும் தடுப்பூசியும் கோடிக்கணக்கான குழந்தைகளை உயிரோடு வைத்தன. ஒரு நோயை மட்டும் குறிவைத்த திட்டங்களால்தான் பெரியம்மையே ஒழிந்தது. அதன் எல்லையைக் காட்ட ஒரு மனிதர் போதும். இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி ஆள், சோமாலியாவின் மெர்கா நகரத்து மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977இல் பிழைத்துக்கொண்டார். பிறகு போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தடுப்பூசி வேண்டாம் என்ற தாய்மார்களிடம் தன் கதையைச் சொல்லிப் புரியவைத்தார். 2013இல், போலியோ பணியில் இருக்கும்போதே, மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். ஒரு நோயை உலகத்திலிருந்தே துடைத்தெறிய முடிந்த ஏற்பாடுகளால் அந்த ஊரில் ஒரு காய்ச்சல்காரரைக் காப்பாற்ற முடியவில்லை.

எனவே ‘ஒற்றை நோய்த் திட்டமா, முழு அமைப்பா’ என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. நைஜீரியா காட்டியது போல ஒற்றை நோய்க்கு வந்த பணத்தில் உருவான ஆட்களையும் பழக்கத்தையும் நிரந்தரமாக்கிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திட்டம் முடிந்ததும் ஜீப்பும் லேப்டாப்பும் ஆட்களும் ஒரே நாளில் மறைந்துபோகிற மாதிரி ஏற்பாடு என்றால், அந்தப் பணம் வந்ததில் பாதிப் பயன்தான்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது தாய்லாந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001இல் ஆட்சிக்கு வந்த அரசு ‘30 பாட் கொடுத்தால் எல்லா வைத்தியமும்’ (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) என்று அறிவித்து, 2002க்குள் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தியது. ஒரு நாடு பணக்கார நாடாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. 1997இல் பொருளாதாரமே சரிந்து விழுந்த நாடு அது. எல்லோரும் புகழ்வது 2001ஐ. நான் உங்களைப் படிக்கச் சொல்வது அதற்கு முந்தைய முப்பது வருஷத்தை. 1972 முதல் மருத்துவம் படித்து வெளியே வரும் டாக்டர்கள் கட்டாயமாகக் கிராமப்புறத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று விதி. எண்பதுகளின் தொடக்கத்தில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கான புதிய முதலீட்டைச் சில வருஷம் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தில் மாவட்டங்களுக்குள் சிறிய ஆஸ்பத்திரிகளையும் அதற்குக் கீழே சுகாதார நிலையங்களையும் கட்டினார்கள். பாங்காக்கின் பெரிய டாக்டர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசியலில் அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து வளர்ந்த டாக்டர்களில் ஒருவரான சங்குவான் நிதயாரும்போங்தான் பிறகு 30 பாட் திட்டத்தை வடிவமைத்தார்.

ஆக, போய்ச் சேர ஓர் இடமும் அங்கே உட்கார்ந்திருக்க ஒரு டாக்டரும் முதலில் வந்தார்கள். வைத்தியத்துக்கான அட்டை பிறகு வந்தது. மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுத்ததும் தலைக்கு இவ்வளவு என்று, 2002இல் ஆளுக்கு 1,202 பாட். சிகிச்சைக்கு மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு, மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒன்று என்ற அளவில் இருந்தது, பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் காப்பீட்டு அட்டை அச்சடிக்கிறார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போனால் அறுபது கிலோமீட்டருக்குள் ஆஸ்பத்திரி இருக்காது, இருந்தாலும் தனியார் ஆஸ்பத்திரியாக இருக்கும். அரசுப் பணம் படுக்கையில் சேர்த்துச் செய்கிற அறுவைக்குப் போகிறது, மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைக்குக் குடும்பம் கையிலிருந்து கொடுக்கிறது. ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதில் இந்த மாதாந்திர மாத்திரைக்குப் பெரும் பங்கு உண்டு.

மாத்திரை என்றதும் நம் ஊரைச் சொல்ல வேண்டும். இதில் நாம் பெருமைப்படக் காரணம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வைத்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்குக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தரம் சரி என்று வந்த பிறகே வெளியே விடுகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வரவு வைத்து, எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேலிருந்து திணிக்கும்போது ஓர் ஊரில் காலாவதியாகிக் குப்பைக்குப் போகிற மருந்து அடுத்த ஊரில் இல்லாமல் இருக்கும். பாஸ்புக் முறை அதைக் கணிசமாகக் குறைத்தது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் மாநிலத்தில் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன.

இது ஏன் இன்றைக்கு உலகப் பிரச்சினை என்றால், 2024 கணக்குப்படி உலகத்தில் சுமார் 140 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. அதற்கான மாத்திரைகள் பழையவை, விலை மலிவு, காப்புரிமைச் சிக்கல் கிடையாது. சிரமம் வேறு இடத்தில். பிரசவம், காய்ச்சல், தடுப்பூசி என்று வந்துபோகிறவர்களைப் பார்க்கவே பழகிய அமைப்பு, ஒரே ஆளை முப்பது வருஷம் விடாமல் பின்தொடர வேண்டியிருக்கிறது. போன மாதம் மாத்திரை வாங்கியவர் இந்த மாதம் வரவில்லை என்பது யாருக்காவது தெரிய வேண்டும். இரண்டு முறை ‘ஸ்டாக் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால் மூன்றாவது முறை அவர் வர மாட்டார், பக்கவாதம் வந்த பிறகு ஆம்புலன்ஸில்தான் வருவார்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. புது மருந்து கண்டுபிடிக்க வேண்டும், சரி. ஆனால் டாக்டர் இல்லாத ஊரில் மருந்துக் கடைக்காரரே டாக்டராக இருக்கிற வரைக்கும், சளிக்கும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதைச் சட்டத்தால் மட்டும் நிறுத்த முடியாது.

ஆட்களைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். கானாவும் ஜிம்பாப்வேயும் தங்கள் செலவில் படிக்கவைத்த நர்ஸ்கள் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். ஊழியர் பற்றாக்குறை கடுமையாக உள்ள, மற்ற நாடுகள் தீவிரமாக ஆள் பிடிக்கக் கூடாத நாடுகள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் 55 நாடுகளைப் பட்டியலிட்டது. அது வெறும் வேண்டுகோள்தான், தண்டனை எதுவும் இல்லை. போகிற நர்ஸைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணக்கார நாடுகள் தங்களுக்குத் தேவையான நர்ஸ்களைத் தாங்களே படிக்கவைக்கட்டும், அல்லது படிக்கவைத்த நாட்டுக்கு அதற்கான பணத்தைக் கொடுக்கட்டும். இதைக் கேட்கிற துணிச்சல் சர்வதேச மேடைகளில் போதவில்லை.

இப்போது நடந்துகொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியது, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. எச்.ஐ.வி. மருந்து கொடுத்துவந்த கிளினிக்குகள் பல நாடுகளில் மூடின. அதிகம் பேசப்படாத ஒரு இழப்பு உண்டு: 1984 முதல் ஏறக்குறைய 90 நாடுகளில் வீடு வீடாகப் போய் ‘எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது, எந்தத் தடுப்பூசி போட்டீர்கள்’ என்று கேட்டுவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்தினார்கள். பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத நாடுகளுக்கு அதுதான் கண். கண் போனால் என்ன ஆகும் என்பதை கோவிட் காலத்திலேயே பார்த்தோம். 2020, 2021 இரண்டு வருஷத்திலும் உலக நாடுகள் அறிவித்த கோவிட் சாவுகள் சுமார் 54 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இடைப்பட்ட அத்தனை பேரும் கோவிட் பட்டியலில் ஏறாமல் போனவர்கள்.

உதவி நின்றதும் சில நாடுகள் சொந்தப் பணத்தைப் போட ஆரம்பித்திருக்கின்றன. 2025 பிப்ரவரியில் நைஜீரிய நாடாளுமன்றம் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. 2001இல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குக் கொடுப்பதாக உறுதி சொல்லி, பெரும்பாலானவை அதைக் காப்பாற்றவில்லை. இந்த நெருக்கடியாவது அதை நோக்கித் தள்ளட்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். ஆனால் அதுவரை மாத்திரை இல்லாமல் இருக்கப் போகிறவர்களை நினைத்தால், ‘நல்லதுக்குத்தான்’ என்று பேச மனம் வரவில்லை.

நீங்கள் இந்தத் துறைக்கு வருவதைப் பற்றி: வாருங்கள், ஆள் வேண்டும். படிப்பில் சேருவதற்கு முன்பு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டுச் சில நாள் உட்கார்ந்து பாருங்கள். மருந்தாளுநரிடம் ஸ்டாக் பதிவேட்டைக் கேளுங்கள், போன ஆறு மாதத்தில் எந்த மாத்திரை எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம சுகாதார செவிலியரோடு ஒரு புதன்கிழமை முழுக்க நடந்து, அவர் ஒரே விவரத்தை எத்தனை பதிவேட்டில், எத்தனை செயலியில் எழுத வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, காலியான தேதி என்ன என்று கேட்டால் சொல்வார்கள். இந்த மூன்றையும் எழுதிய தாள் கையில் இருந்தால், கல்லூரியில் எந்த உலக அறிக்கையைக் கொடுத்தாலும் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.